படம் விரித்துக் கதை சொன்னவர்கள்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடும்மா என்று ஊக்குநர் அக்கா கேட்டார்கள். சேமிப்பு, கடன், தொழில் பற்றி நிறைய பேர் எழுதுவார்கள். அதனால் நான் வேறு ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் துணியிலும் காகிதத்திலும் கதையைப் படமாக வரைந்து, பாய் மாதிரி சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பாடியவர்களின் வரலாறு இது. இதில் நம்மைப் போன்ற கிராமத்துப் பெண்களின் கதையும் இருக்கிறது.

குழு ஆரம்பித்த புதுசில் நமக்குக் கொடுத்த பயிற்சி ஞாபகம் இருக்கும். பெரிய பெரிய படத்தாள்களை மாட்டி வைத்து, ஒவ்வொன்றாகப் புரட்டி, "இதுல என்ன தெரியுது, சொல்லுங்க" என்று கேட்பார்கள். கைநாட்டு வைக்கிற ஆயாமார்கள்கூட டக்கென்று பதில் சொன்னார்கள். படச்சுருள் செய்த வேலையும் இதேதான். எழுத்துத் தெரியாத சனங்களுக்கு அதுதான் புத்தகம்.

இது ரொம்பப் பழைய வழக்கம். 7ஆம் நூற்றாண்டில் வடக்கே ஹர்ஷர் என்ற ராஜா ஆண்டார். அவர் வரலாற்றை எழுதிய பாணர், கடைத்தெருவில் ஹர்ஷர் பார்த்த ஒரு ஆளைப் பற்றிச் சொல்கிறார். ஒரு கையில் எமதர்மன் எருமை மேல் உட்கார்ந்திருக்கிற படம், இன்னொரு கையில் ஒரு குச்சி. செத்த பிறகு என்ன நடக்கும் என்று குச்சியால் காட்டிக் காட்டிச் சொல்கிறார். சுற்றிலும் சின்னப் பிள்ளைகள் கூட்டம். முத்ரா ராட்சசம் என்ற பழைய நாடகத்தில் சாணக்கியரின் ஒற்றன் இப்படி எமன் படம் காட்டுகிறவன் வேஷத்தில்தான் வீடு வீடாகப் போகிறான். அப்படியானால் படக்காரர்கள் எந்த வீட்டு வாசலுக்கும் போகலாம், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்றுதானே அர்த்தம்!

ராஜஸ்தானில் இதற்கு ஃபட் என்று பெயர். பாபுஜி என்ற வீரனை அங்கே ஆடு மாடு, ஒட்டகம் மேய்க்கிறவர்கள் சாமியாகக் கும்பிடுகிறார்கள். அவர் கதையை நீளத் துணியில் வரைந்து, இருட்டின பிறகு கட்டித் தொங்கவிட்டு, ராத்திரி முழுக்கப் பாடுவார்கள். பாடுகிற பூசாரிக்கு போபா என்று பெயர். அவர் மனைவி போபி. படத்தில் எந்த இடத்தைப் பாடுகிறார்களோ அங்கே போபி விளக்கைக் காட்டி, தானும் கூடப் பாடுவாள். ஆடு மாட்டுக்கு நோய் வந்தால்கூட போபாவைக் கூப்பிட்டுப் பாட வைப்பார்கள். துணி கிழிந்து போனால் குப்பையில் போட மாட்டார்கள், புஷ்கர் ஏரியில் விட்டுவிடுவார்கள். சாமியே குடியிருக்கிற துணி என்று நம்பிக்கை.

தெலுங்கானாவில் சேரியால் என்ற ஊர் இதற்குப் பேர் போனது. அங்கே வரைகிறவர்களை நகாசிகள் என்பார்கள். கதர்த்துணிக்கு அரிசிக் கஞ்சி, புளியங்கொட்டைப் பசை, வெள்ளை மண் எல்லாம் கலந்து பூசிக் காயவைத்து அதன்மேல் வரைவார்கள். பின்னணி பூராவும் சிவப்பு. ஒரு சுருள் நாற்பது அடிக்கு மேல்கூட நீளும். ஒவ்வொரு சாதிக்கும் தனிக் கதை, அதைப் பாடத் தனி ஆட்கள். நெசவு செய்கிற பத்மசாலியருக்கு மார்க்கண்டேயர் கதையை கூனபுலி என்பவர்கள் பாடுவார்கள். நாங்கள் எங்கிருந்து வந்தோம், எங்கள் முன்னோர் யார் என்பதை அந்த ஏழை சனங்கள் படத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

நம் தமிழ்நாட்டில் கருப்பூர் கலம்காரி இருக்கிறது. நம்ம சேலம் கருப்பூர் இல்லை, அரியலூர் மாவட்டத்துக் கோடாலிக் கருப்பூர். தஞ்சாவூர் மாவட்டத்தில் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் இந்த வேலை நடக்கிறது. கோயில்களில் மேலே கட்டுகிற விதானம், தேரில் உருளையாகத் தொங்குகிற தொம்பை இதெல்லாம் அவர்கள் கைவேலை. தேர் இழுக்கும்போது நாம் சாமியைத்தான் பார்ப்போம், தொம்பையில் இருக்கிற படத்தை யாரும் கவனிப்பதில்லை. 2021இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இவ்வளவு சொன்னேனே, இதில் பெண்கள் எங்கே? ராஜஸ்தானில் ஃபட் வரைகிற ஜோஷி குடும்பங்களில் மகளுக்குச் சொல்லித்தர மாட்டார்களாம். கல்யாணம் ஆகி வேறு வீட்டுக்குப் போகிறவள், தொழில் ரகசியமும் கூடப் போய்விடும் என்று பயம். 1960இல் ஸ்ரீலால் ஜோஷி என்ற ஓவியர்தான் வெளி ஆட்களுக்கும் கற்றுத்தரப் பள்ளி ஆரம்பித்தார். வங்காளத்திலும் இப்படித்தான். படச்சுருளை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றிப் பாடியது ஆண்கள். வீட்டில் உட்கார்ந்து சாயம் அரைத்தது, வர்ணம் அடிக்க உதவியது பெண்கள். உழைப்பு நம்முடையது, பேர் அவர்களுடையது. இது நமக்குத் தெரியாத கதையா?

சினிமா வந்தது, டிவி வந்தது. வாசலில் படம் விரித்தால் ஒரு படி அரிசி போட்ட வீடுகள் கதவைத் திறக்கவில்லை. பாடினவர்கள் கூலி வேலைக்குப் போனார்கள். அந்த நேரத்தில்தான் மேற்கு வங்கத்தில் மேற்கு மேதினிப்பூர் மாவட்டத்து நயா கிராமத்தில் ஒரு மாற்றம் வந்தது. துக்குஷ்யாம் சித்ரகர் என்ற பெரியவர் பெண்களுக்கும் வரையவும் பாடவும் சொல்லிக் கொடுத்தார். அடுப்படியில் இருந்தவர்கள் தூரிகை எடுத்தார்கள். சுவர்ணா சித்ரகர் மாதிரி சிலர் வெளிநாடு வரைக்கும் போய்ப் படம் விரித்துப் பாடினார்கள். 2010இலிருந்து அந்த ஊரிலேயே பட மாயா என்று வருஷா வருஷம் திருவிழா நடக்கிறது. வாங்குகிறவர்கள் அவர்கள் வீட்டுத் திண்ணைக்கே வருகிறார்கள்.

அவர்கள் சாயம் எடுக்கிற விதத்தைக் கேட்டால் ஆசையாக இருக்கும். மஞ்சளில் மஞ்சள், சங்குப்பூவில் நீலம், அவரை இலையில் பச்சை, விளக்குக் கரியில் கறுப்பு. ஒட்டுவதற்கு வில்வப்பழத்துப் பிசின். காகிதம் கிழியாமல் இருக்கப் பின்னால் பழைய சேலைத் துணியை ஒட்டுவார்கள். இதில் எது நம்மிடம் இல்லை?

அந்தப் பட்டுவா சனங்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஆனால் பாம்புத் தாய் மனசா தேவி கதையையும் ராமாயணத்தையும் தலைமுறை தலைமுறையாக வரைந்து பாடுகிறார்கள். இப்போது வரதட்சணை, எய்ட்ஸ், மரம் வளர்ப்பு என்று புதுக் கதைகளும் பாடுகிறார்கள். 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்து நம் நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கமெல்லாம் எத்தனை உயிரைக் கொண்டுபோனது! அந்தத் துக்கத்தையும் வங்காளத்தில் படமாக வரைந்து பாடினார்கள். மொய்னா, ஜாய்தேவ் சித்ரகர் வரைந்த அந்தச் சுருளைச் சென்னையில் உள்ள தாரா பதிப்பகம் மடித்து விரிக்கிற புத்தகமாகப் போட்டது. அதே மொய்னா படம் வரைய, சம்ஹிதா ஆர்னி எழுத, 2011இல் சீதையே தன் கதையைச் சொல்கிற ராமாயணமும் வந்தது. தூரிகை பெண் கைக்கு வந்த பிறகு சீதை பேச ஆரம்பித்தாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இனி நம்ம மலைக்கு வருகிறேன். சேர்வராயன் மலைக்கு இப்படி ஒரு படச்சுருள் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் கதை இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூணு பேர் கிளம்பி வந்து, சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை என்று பிரிந்து குடியேறின கதையை நம் பெரியவர்கள் சொல்லித்தான் கேட்டிருக்கிறோம். குகைக்குள் இருக்கிற சேர்வராயன் சாமிக்கும் காவேரியம்மனுக்கும் கதை இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் காப்பி வந்த பிறகு காட்டை வெட்டித் தோட்டம் போட்டதும், நம் பாட்டிமார் கூடை தூக்கிப் பழம் பறித்ததும் கதைதான். ஏற்காட்டுக்கு வருகிற டூரிஸ்ட்காரர்கள் ஏரியையும் மலர்க் கண்காட்சியையும் பார்த்துவிட்டு இறங்கிப் போகிறார்கள். இந்தக் கதைகளை அவர்களுக்கு யார் சொல்வது? அவர்களை விடுங்கள், நம் பிள்ளைகளுக்கு யார் சொல்வது? எங்க ஆயா சொன்ன மாதிரி முழுசாக அந்த மூணு அண்ணன் தம்பி கதையைச் சொல்ல எங்கள் ஊரில் இப்போது ரெண்டு பேர்தான் இருக்கிறார்கள். ரெண்டு பேருக்கும் எழுபது தாண்டிவிட்டது.

அதனால் கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். ஒவ்வொரு குழுவும் மாதக் கூட்டத்துக்கு ஊரில் உள்ள ஒரு பெரியவரைக் கூப்பிட்டு ஒரு கதை கேட்போம். தீர்மான நோட்டு மாதிரி அதற்கும் ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைப்போம். நல்லா வரைகிற பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பழைய சேலையைப் பின்னால் ஒட்டி, கதையைப் படமாக வரையச் சொல்வோம். அதோடு, நம்ம குழுக்களின் கதையையும் சேர்ப்போம். தமிழ்நாட்டில் மகளிர் குழுக்களின் வேலை 1989இல் பக்கத்துத் தர்மபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. அதிலிருந்து நம் ஊர்க் குழு வரைக்கும் வரைய எவ்வளவோ இருக்கிறது. அடுத்த ஆண்டு விழாவில் மேடையில் ஒரு சுருளை விரித்து, நம்மில் ஒருத்தர் குச்சியால் காட்டிக் கதை சொல்லட்டும். எங்கள் குழு இதற்குத் தீர்மானம் போட்டுவிட்டது. முதல் நோட்டும் வாங்கியாகிவிட்டது.