திறந்த எலும்பு முறிவும் கிருமித்தடுப்பு அறுவை மருத்துவத்தின் தோற்றமும்

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, எலும்பு முறிந்தவர் பிழைப்பாரா என்பது பெரும்பாலும் தோல் கிழிந்துள்ளதா என்பதைப் பொறுத்தே அமைந்தது. தோல் கிழியாத மூடிய முறிவு, சிம்பு வைத்துக் கட்டினால் பொதுவாகக் கூடிவிடும். உடைந்த எலும்பு தோலைக் கிழித்து வெளிப்படும் திறந்த முறிவிலோ சீழ்பிடித்தலும் தசையழுகலும் அடிக்கடி தொடர்ந்தன. ஆகவே, உறுப்பை உடனே துண்டிப்பதே உயிர்காக்கும் வழியாகக் கருதப்பட்டது. இந்நிலை மாறத் தொடங்கிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

லிஸ்டரின் வினா

காயத்தில் காற்றுப் படுவதே அழுகலுக்குக் காரணம் என்ற கருத்து அன்று பரவலாக நிலவியது. காற்றை விலக்க இயலாது என்பதால் அழுகலும் தவிர்க்க இயலாததாகத் தோன்றியது. கிளாஸ்கோவில் பணியாற்றிய ஜோசப் லிஸ்டர், லூயி பாஸ்டரின் ஆய்வுகளைப் படித்தபின் இக்கருத்திலிருந்து விலகினார். அழுகச் செய்வன நுண்ணுயிர்கள் எனில், காற்றை விலக்க வேண்டியதில்லை. காயத்திலுள்ள கிருமிகளை அழித்தால் போதும். கார்லைல் நகரில் கழிவுநீரின் நாற்றத்தைப் போக்கப் பயன்பட்ட கார்பாலிக் அமிலத்தை அவர் இதற்குத் தேர்ந்தார்.

சோதனையும் சான்றும்

1865 ஆகஸ்ட் 12 அன்று, வண்டிச் சக்கரம் ஏறியதால் இடக்கால் எலும்பு முறிந்த 11 வயதுச் சிறுவன் ஜேம்ஸ் கிரீன்லீஸ் கிளாஸ்கோ ராயல் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டான். அமிலத்தில் தோய்த்த துணியால் காயம் மூடப்பட்டது. நான்கு நாட்களுக்குப் பின் கட்டைப் பிரித்தபோது சீழ் இல்லை. ஆறு வாரங்களில் எலும்பு கூடியது.

1867இல் ‘லான்செட்’ இதழில் லிஸ்டர் வெளியிட்ட 11 திறந்த முறிவுகளில் ஒருவர் இறந்தார். ஒருவர் உறுப்பை இழந்தார். ஏனைய ஒன்பதின்மர் உறுப்புடன் பிழைத்தனர். 1870இல் அவர் உறுப்புத் துண்டிப்பு குறித்த கணக்கையும் வெளியிட்டார். புதிய முறைக்கு முன் 35 பேரில் 16 பேர் இறந்திருந்தனர். பின்னர் 40 பேரில் 6 பேரே இறந்தனர். ஒப்பீட்டிற்கு இவ்வெண்ணிக்கை சிறியது என்பதை லிஸ்டரே ஒப்புக்கொண்டார். மேலும், இக்கணக்கு உறுப்பை இழந்தோர் பிழைத்ததையே காட்டுகிறது. உறுப்பே காக்கப்பட்டதற்கான சான்று 1867ஆம் ஆண்டுத் தொடரில்தான் உள்ளது. இவ்விரண்டையும் வேறுபடுத்திப் படித்தல் இன்றியமையாதது.

முறையின் எல்லை

கார்பாலிக் அமிலம் கிருமிகளுடன் திசுக்களையும் அரித்தது. நசுங்கி இறந்த தசையை அதனால் மீட்க இயலாது. அத்தசை கிருமிகளுக்கு உணவாகவே எஞ்சியது. முதல் உலகப்போரில் மண்படிந்த காயங்களைக் கண்ட மருத்துவர்கள், இறந்த திசுவை வெட்டியகற்றிக் காயத்தைத் திறந்தே வைக்கும் முறையை வற்புறுத்தினர். 1976இல் கஸ்டிலோவும் ஆண்டர்சனும் 1025 திறந்த முறிவுகளை ஆராய்ந்து, காயத்தைக் கழுவித் திசுவகற்றலையும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தையும் இணைத்துப் பரிந்துரைத்தனர்; கடுமையான காயங்களை உடனே தைத்து மூடுவதைத் தவிர்த்தனர்.

முடிவுரை

திறந்த முறிவின் மருத்துவம், எலும்பைப் பொருத்தும் திறனால் மட்டும் மாறிவிடவில்லை. முறிவைச் சூழ்ந்த காயமே முதல் சிக்கல் என உணரப்பட்டபோதுதான் துண்டித்தல் முதல் தீர்வு என்னும் நிலையை இழக்கத் தொடங்கியது. லிஸ்டரின் அமிலம் வழக்கொழிந்தது. அவர் எழுப்பிய வினா நிலைத்தது.