கண்ணாடிப் பெட்டியா, அம்மாவின் நெஞ்சா?

குறைமாதத்தில் குழந்தை பிறந்தால் உடனே என்ன செய்வார்கள்? "கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள்" என்றுதான் எல்லோரும் சொல்வோம். அந்தப் பெட்டிக்கு ஒரு கதை உண்டு.

1880 வாக்கில் பாரிஸ் மருத்துவர் டார்னியர், கோழிக்குஞ்சு பொரிக்கும் கருவியைப் பார்த்து இன்குபேட்டரைக் கொண்டுவந்தார். கதகதப்பு கிடைத்ததால் பல குழந்தைகள் பிழைத்தன. ஆனால் காலப்போக்கில் அம்மா கதவுக்கு வெளியே நிற்க வேண்டியதாயிற்று!

1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் பெட்டிகள் போதவில்லை, கிருமித்தொற்று வேறு. டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா, குழந்தையை அம்மாவின் மார்போடு அணைத்துக் கட்டச் சொன்னார். இதுதான் கங்காரு முறை. ஆனாலும் குழந்தையின் உடல்நிலை சீரான பிறகே இதைத் தொடங்குவது வழக்கமாக இருந்தது.

பிறந்தவுடனேயே தொடங்கினால்? டில்லி சப்தர்ஜங் உட்பட ஐந்து நாட்டு மருத்துவமனைகளில் 2017 முதல் சோதித்தார்கள். 1.8 கிலோவுக்கும் குறைவான 3,211 குழந்தைகள். தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே அம்மாவுக்கும் கட்டில். 28 நாட்களுக்குள் இறப்பு, பழைய முறையில் 15.7 சதவீதம், இதில் 12 சதவீதம். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் 2020-ல் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2022-ல் உலக சுகாதார நிறுவனமும் இதையே பரிந்துரைத்தது.

பெட்டியும் மருந்தும் வேண்டாம் என்பதல்ல. பக்கத்தில் அம்மாவுக்கும் ஒரு கட்டில் போடுங்கள், அவ்வளவுதான்!