மண்ணுரிமை அற்றோரும் மனித உரிமைச் சட்டமும்

பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைக்கு அணித்தாயுள்ள மீரியபெத்த தோட்டத்தில், 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை ஏழரை மணியளவில் மலை சரிந்தது. நாட்கணக்கான மழையில் ஊறிய மண், சரிவில் நின்ற லயன்களின் மீது இறங்கிச் சில நிமிடங்களில் அவற்றை மூடிவிட்டது. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பிழைத்தனர். அவர்களிற் சிலருக்கு அன்று மாலை திரும்பிச் செல்ல வீடும் இல்லை. எதிர்கொள்ளப் பெற்றோரும் இல்லை. மாண்டோர் நூற்றுக்கணக்கானோர் என்று முதற் செய்திகள் கூறின. பின்னர் அரசதரப்புக் கணக்கு பெரிதும் குறைந்தது. பல உடல்கள் மண்ணுக்கு அடியிலேயே தங்கிவிட்டன. உயிரோடு இருந்தபோது ஏட்டில் இடம்பெறப் போராடிய ஒரு சமூகம், இறந்தபோதும் சரியாக எண்ணப்படவில்லை.

இதனை இயற்கையின் சீற்றம் என்று எழுதியவர் பலர். மழையை மனிதன் பெய்விக்கவில்லை என்பது மெய்யே. ஆயின் அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் அதன் பின்னரும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தும் மக்கள் ஏன் அங்கேயே இருந்தனர்? அறியாமையால் என்று கூறுவது அவர்களுக்கு நாம் இழைக்கும் இரண்டாவது அநீதியாகும். வெளியேறுக எனச் சொல்லுதல் எளிது. எங்கே செல்வது என்ற வினாவுக்கு விடையாக அவர்களுக்கென்று ஒரு துண்டு நிலமும் இருந்ததில்லை. நிலம் ஏன் இல்லை என்று வினவின், நாம் வரலாற்றுக்குள் செல்லுதல் வேண்டும்.

ஊவாவின் மண் பறிக்கப்பட்ட கதை தேயிலைக்கு முந்தியது. 1817–18ஆம் ஆண்டுகளிற் கிளர்ந்த மக்களை ஆங்கில ஆட்சி அடக்கியபோது ஊர்கள் எரிந்தன, வயல்கள் பாழ்பட்டன. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரியன என்று அனுமானித்தது. தலைமுறைகளாகச் சேனை பயிரிட்ட சிங்களக் குடியானவனிடம் பத்திரம் எங்கே இருந்தது? அவனிடமிருந்து கழன்ற மலை தோட்டத்துரையின் கைக்குப் போயிற்று. அம்மலையில் வேலை செய்யத் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து, நிலமற்ற உழவரும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கடனாளிகளாகக் கொண்டுவரப்பட்டனர். ஒருவன் தன் நிலத்தை இழந்தான். மற்றவன் தனக்கு உரிமையில்லாத நிலத்திற் கட்டுண்டான். இருவரையும் ஒரே மூலதனமே வஞ்சித்தது. இவ்வுண்மையை மறைத்து இருவரையும் பகைவராக்கியதே பின்வந்த அரசியலின் பெருஞ் சாதனை.

பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று தொழிலாளர் கணக்குச் சொல்லும் லயக் காம்பரா அந்நாளில் எழுந்தது. அது தோட்டத்தின் சொத்து. குடியிருப்போன் உடைமை அன்று. வேலை உள்ளவரை கூரை உண்டு. வேலை போனாற் கூரையும் போகும். துண்டு முறை என்ற கடன் தளை 1921இல் ஒழிக்கப்பட்ட பின்னரும் இக்கூரைத் தளை ஒழியவில்லை. ஆயினும் அம்மக்கள் வாளா இருந்தாரல்லர். பதுளைக்கு அண்மையில் உள்ள வெவெஸ்ஸ தோட்டத்தில் 1940இல் இடதுசாரிகள் தலைமையில் நடந்த வேலைநிறுத்தம், ஊவாத் தொழிலாளி துரைமாரையும் பொலிசாரையும் எதிர்த்து நிற்கக் கூடியவன் என்பதை நாடறியச் செய்தது.

அவ்வெழுச்சி வாக்குப் பெட்டியிலும் தெரிந்தது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையின் உறுப்பினரானார். வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்குத் துணைநின்றன. ஆளும் வர்க்கம் கலங்கியது. விளைவு, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். ஒருவன் இலங்கையிற் பிறந்தது போதாது. அவன் தந்தை இங்கே பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும் என்றது அச்சட்டம். லயத்திற் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புப் பத்திரம் எழுதி வைத்தவர் யார்? முன்னே சேனைக்காரனிடம் நிலப்பத்திரம் கேட்ட அதே தந்திரம், இப்பொழுது தொழிலாளியிடம் பிறப்புப்பத்திரம் கேட்டது. ஏறத்தாழ 7 இலட்சம் மக்கள் நாடற்றோராயினர். 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் அவர்தம் வாக்கையும் பறித்தது. அவ்வாண்டே இயற்றப்பட்ட இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ்ச் சுமார் 8 இலட்சத்து 24 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. உரிமை பெற்றோர் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் அளவிலேயே நின்றனர்.

இவ்விடத்தில் இரண்டு நாட்களை நாம் அருகருகே வைத்து நோக்குதல் தகும். பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 1948 நவம்பர் 15. பாரிஸ் மாநகரில் மனித உரிமைகளின் அனைத்துலகப் பிரகடனம் ஏற்கப்பட்ட நாள் 1948 டிசம்பர் 10. இடையே 25 நாட்களே. அப்பிரகடனத்தின் 15ஆம் உறுப்புரை, ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் பிரஜையாக இருக்கும் உரிமை உண்டென்றும், எவருடைய பிரஜாவுரிமையும் மனம்போன போக்கிற் பறிக்கப்படலாகாதென்றும் கூறியது. உலகம் அவ்வுறுப்புரையை எழுதி முடித்த வேளையில், உவாவிலும் நுவரெலியாவிலும் அது ஏற்கெனவே மீறப்பட்டிருந்தது.

பிரகடனம் ஏன் அவர்களைக் காக்கவில்லை? இலங்கை 1955இலேயே ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பு நாடாயிற்று என்பது ஒரு சிறு காரணம். பெருங் காரணம் வேறு. உரிமையை அறிவித்த அவ்வேடு, அதனை யார் வழங்குவது என்று கூறவில்லை. எந்த அரசும் அவரை ஏற்கக் கடமைப்படவில்லை. உள்நாட்டு நீதியும் கைவிட்டது. எந்த ஒரு சமூகத்துக்கும் மாத்திரம் பாதகம் விளைக்கும் சட்டம் செல்லாது என்று சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு விதித்திருந்தது. அதனை நம்பிக் கோடகன் பிள்ளை வழக்கு இலண்டன் கோமறை மன்றம் வரை சென்றது. 1953இல் அம்மன்றம், இச்சட்டம் பிரஜைகள் யார் என வரையறுப்பதேயன்றி ஒரு சமூகத்தை ஒதுக்குவதன்று எனத் தீர்ப்பளித்தது. சட்டத்தின் சொல்லில் 'இந்தியர்' என்ற பெயர் இல்லை. அதன் விளைவில் வேறெவரும் இல்லை. சொல்லை மட்டும் நோக்கி விளைவை நோக்காத நீதி, பலமுடையோனுக்கே உதவும்.

பின்னர் 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் எழுந்தது. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டனர். எஞ்சிய 1½ இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. பங்கிடப்பட்டோரிடம் ஒரு வார்த்தை கேட்டார் இல்லர். இங்கே நாம் நம்மைச் சார்ந்தோரையும் விட்டுவைத்தல் ஆகாது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் வன்மையாக எதிர்த்தவர் இடதுசாரிகள். அவருள் முதன்மையான லங்கா சமசமாஜக் கட்சி, 1964 ஒப்பந்தம் கைச்சாத்தான வேளையில் அதே அரசாங்கத்தின் பங்காளியாக அமைச்சுப் பதவிகளில் இருந்தது. முற்போக்கு வரலாற்றை எழுதுவோர் இப்பக்கத்தைக் கிழித்துவிட்டு எழுதுதல் நேர்மையாகாது.

மீரியபெத்த மலை சரிந்தது இவ்வொப்பந்தத்தின் ஐம்பதாண்டு நிறைவுக்கு முதல் நாள். இத்தற்செயலைப் பெரிதுபடுத்த வேண்டுவதில்லை. ஆனால் இரண்டுக்கும் இடையே உள்ள தொடர்பு தற்செயலன்று. நாடற்றவனுக்கு வாக்கில்லை, வாக்கில்லாதவனுக்கு நிலப் பங்கீட்டில் இடமில்லை, நிலமில்லாதவன் துரை காட்டிய சரிவிலேயே குடியிருந்தான். 1988இன் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை வழங்கின. அவை சிறிய வெற்றிகளல்ல. தொழிற்சங்கப் பலத்தாலும் வாக்குப் பலத்தாலும் வென்றெடுக்கப்பட்டவை. எனினும் பிரஜையான பின்னரும் அவன் காம்பராவின் விருந்தாளியே. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டங்களுக்குள் சபையின் நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. அது திருத்தப்பட்டது 2018இல் தான். 1970களில் அரசுடைமையான தோட்டங்கள் 1992 முதல் மீண்டும் கம்பனிகளின் நிருவாகத்திற் சென்றன. நிலம் அரசினது, குத்தகை கம்பனியினது, குடியிருப்பு தொழிலாளியினது. பொறுப்பு யாருடையது?

இவ்வினாவே இன்றைய அனைத்துலக மனித உரிமைச் சட்டத்தின் பெருஞ் சிக்கல். பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளின் உடன்படிக்கையை இலங்கை 1980இல் ஏற்றது. போதிய வீட்டுக்கான உரிமை அதன் 11ஆம் உறுப்புரையில் உள்ளது. அதற்கு விளக்கமளித்த ஐ.நா. குழு, வெறுங் கூரை வீடாகாது, குடியிருப்போனை எவரும் வெளியேற்ற இயலாத உறுதியும், உயிருக்குக் கேடற்ற வாழ்தகைமையும் வேண்டும் என்று 1991இல் வகுத்துரைத்தது. லயன் இவ்விரண்டிலும் தவறுகின்றது. ஆயின் இவ்வுரிமையை எந்த மன்றத்திற் கேட்பது? 1978ஆம் ஆண்டு யாப்பு, போதிய உணவும் உடையும் வீடும் உள்ள வாழ்க்கைத் தரத்தை 27ஆம் உறுப்புரையில் அரசின் இலட்சியமாகப் போற்றுகின்றது. 29ஆம் உறுப்புரையில், அதனை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்தல் ஆகாது என்றும் கூறிவிடுகின்றது. ஒரு கை தந்ததை மறு கை வாங்கிக்கொள்கின்றது. வாழும் உரிமை யாப்பில் வெளிப்படையாக இல்லை. அது உட்கிடையாக உண்டு என்பதை உயர் நீதிமன்றம் 2003இற்றான் கண்டது. ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிட வழிசெய்த நெறிமுறையில் நாடு 1997இல் இணைந்தது. அவ்விணைவு யாப்புக்கு முரணானது என 2006இல் சிங்கராசா வழக்கில் உயர் நீதிமன்றம் கூறிற்று.

அடிப்படை உரிமை மனுவோ ஆட்சித்துறையின் செயலுக்கு எதிரானது. ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யப்பட வேண்டியது. பெற்றோரைத் தோண்டித் தேடிக்கொண்டிருப்பவனுக்கு ஒரு மாதம் எம்மாத்திரம்? கம்பனிக்கு எதிராக அவன் எங்கே போவான்? வணிகமும் மனித உரிமைகளும் பற்றிய வழிகாட்டும் கொள்கைகளை ஐ.நா. மனித உரிமைப் பேரவை 2011இல் ஏற்றது. கம்பனிகள் மனித உரிமைகளை மதித்தல் வேண்டும் என்கின்றன அவை. மதியாதவற்றைத் தண்டிக்கும் பலம் அவற்றுக்கில்லை. இலாபத்தின் உரிமை குத்தகைப் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கின்றது. உயிரின் உரிமை நன்னெறி வாசகத்தில் நிற்கின்றது.

வேறு வழியே உலகில் இல்லை என்று கருதுதல் வேண்டா. ருசியாவின் கௌகசஸ் மலையடிவாரத்தில் திர்னியாவுஸ் என்றோர் ஊர் உண்டு. 2000ஆம் ஆண்டு ஜூலையில் சேற்று வெள்ளம் அவ்வூரைத் தாக்கிற்று. மலை ஆய்வு நிறுவனம் ஒன்று முன்னரே எச்சரித்திருந்தது, அதிகாரிகள் செவிசாய்க்கவில்லை. பிழைத்தோர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை அணுகினர். புதாயேவா வழக்கென அறியப்படும் அவ்வழக்கில், 2008 மார்ச்சு 20ஆம் நாள், அறிந்த ஆபத்திலிருந்து மக்களைக் காக்கத் தவறிய அரசு வாழும் உரிமையை மீறியது எனத் தீர்ப்பாயிற்று. மழை இயற்கையினது, கவனியாமை அரசினது என்பதே அதன் சாரம். மீரியபெத்தவின் கதையும் இதுவேயன்றோ? ஒரே வகை மலை, ஒரே வகை எச்சரிக்கை, ஒரே வகை அலட்சியம். வேறுபாடு ஒன்றே: ஐரோப்பாவுக்கும் அமெரிக்கக் கண்டத்துக்கும் ஆபிரிக்காவுக்கும் மனித உரிமை நீதிமன்றங்கள் உள, ஆசியாவுக்கு இல்லை.

மீரியபெத்த மக்கள் தேயிலைத் தொழிற்சாலையிலும் தற்காலிகக் கூடங்களிலும் நாட்களைக் கழித்தனர். இரண்டாண்டுகளின் பின், 2016இல், மாக்கல்தெனியவில் 75 வீடுகள், 7 பேர்ச் நிலத்துடன், கையளிக்கப்பட்டன. இது நன்றே. ஆயின் லயத்திலிருந்து ஒரு குடும்பம் தன் வீட்டுக்குப் போவதற்கு முன் ஒரு மலை இடிந்து விழுதல் வேண்டுமா? 2023 மார்ச்சில் பூனாகலை, கபரகலைத் தோட்டத்தில் மண் மீண்டும் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, மிகக் கடுமையாகத் தாக்குண்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. எச்சரிக்கைப் படங்கள் இன்று முன்னிலும் நுண்ணியவை. படத்திற் சிவப்பாகத் தீட்டப்பட்ட இடத்திலிருந்து வெளியேறும் ஏழைக்கு நிலம் மட்டும் இல்லை.

இதனால் அனைத்துலகச் சட்டம் பயனற்றது என்பது எமது முடிபன்று. அடிமைமுறையின் இக்கால வடிவங்களை ஆராயும் ஐ.நா. விசேட அறிக்கையாளர் 2021இன் இறுதியில் இலங்கைக்கு வந்து, மலையகத் தமிழரின் நிலையை உலகறிய எழுதினார். லயத்துத் துயரை உலகம் அறிந்த மொழியில் எடுத்துரைக்க அச்சட்டம் சொற்களைத் தந்திருக்கின்றது. அச்சொற்களைக் கைவிடுதல் அறிவுடைமையாகாது. ஆனால் சொல் தானே நடப்பதில்லை. 1948இன் பிரகடனம் தராத பிரஜாவுரிமையை, 55 ஆண்டுகள் கழித்து மக்களின் கூட்டு முயற்சியே முற்றாகப் பெற்றுத் தந்தது. நில உரிமையும் அவ்வாறே வரும்.

ஆகவே நாம் கோருவன தெளிவானவை. தோட்டத் தொழிலாளர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்பான இடத்தில் தன் பெயரில் உறுதிப் பத்திரத்தோடு கூடிய நிலம். வாழும் உரிமையும் வீட்டுரிமையும் நீதிமன்றத்திற் கேட்கத்தக்கனவாக யாப்பில் எழுதப்படுதல். எச்சரிக்கப்பட்ட சரிவில் மக்களைக் குடியிருத்தும் அரசும் கம்பனியும் சட்டத்தின் முன் பொறுப்புக் கூறுதல். சேனையை இழந்த ஊவாச் சிங்களக் குடியானவனின் பேரனும் இக்கோரிக்கையில் தோள் கொடுக்க இடமுண்டு. மண் சரியும்போது அது மொழி கேட்டுச் சரிவதில்லை.

ஆசிரியத் தோழர்களுக்கும் மாணவத் தோழர்களுக்கும் ஒரு சொல். அன்று காலை பாடசாலைக்குச் சென்றதனால் உயிர்தப்பிய பிள்ளைகள் இன்று வாலிப வயதினர். ஆண்டுதோறும் டிசம்பர் 10ஆம் நாள் மனித உரிமை நாளெனப் பாடசாலைகளிற் பிரகடனம் வாசிக்கப்படுகின்றது. அதனை வாசிக்கும்போது நவம்பர் 15ஐயும் ஒக்டோபர் 29ஐயும் சேர்த்து வாசியுங்கள். அப்பொழுதே அவ்வேடு நம் மண்ணின் ஏடாகும்.