ரெண்டு பேர், சில சங்குகள், மூணு முடிவு

இராமேஸ்வரம் கோயில் பக்கம் சங்குக் கடைகளைப் பார்த்தாலே எனக்கு ஆரியபட்டர் ஞாபகம் வந்துடும். ஏன்னு சொல்றேன்.

கி.பி. 499-இல் அவர் எழுதிய ஆரியபட்டீயத்தில் ஒரு விதி இருக்கு. ரெண்டு பேர்கிட்ட ஒரே மாதிரிப் பொருள்கள், கூடவே கொஞ்சம் காசு. மொத்த மதிப்பு சமம். காசு வித்தியாசத்தைப் பொருள் வித்தியாசத்தால் வகுத்தால் ஒரு பொருளின் விலை கிடைக்கும்.

ஒருத்தர்கிட்ட 5 சங்கும் 100 ரூபாயும், இன்னொருத்தர்கிட்ட 3 சங்கும் 300 ரூபாயும்னு வைங்க. 200-ஐ 2-ஆல் வகுத்தால், சங்கு 100 ரூபாய். ஒரே விடை.

சங்கு எண்ணிக்கையும் சமம்னா? பூஜ்ஜியத்தால் வகுக்கணும். 628-இல் பிரம்மகுப்தர், பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுத்தால் பூஜ்ஜியம்னு எழுதினார். ஸ்கூல்ல நானும் அப்படியே எழுதி மார்க்கை விட்டேன்.

கடைக்கே திரும்புவோம். ரெண்டு பேர்கிட்டயும் 5 சங்கு; காசு மட்டும் 100, 300. என்ன விலை போட்டாலும் சமமாகாது. விடையே இல்லை. காசும் சமமா இருந்தா எந்த விலையும் பொருந்தும். எண்ணற்ற விடைகள். அதுக்காகச் சங்கு இலவசம்னு அர்த்தமில்லை. விலையைக் கண்டுபிடிக்க இந்தத் தகவல் போதலைன்னு அர்த்தம்.

பூஜ்ஜியம்ங்கறது ஒரு விடை. விடை இல்லைங்கறது வேற. பிரம்மகுப்தரே தடுமாறின இடம் இது. நாம தடுமாறினா வெட்கப்பட ஒண்ணுமில்லை.