பருவும் பழியும்

கி. பி. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் உரோமப் பேரரசன் முதலாம் தியோடோசியஸின் அவையில் விளங்கிய மார்செலஸ் என்பார் பருக்களுக்கு ஒரு பரிகாரம் எழுதிவைத்தார். எரிநட்சத்திரம் ஒன்று விழக் கண்டால், அது மறையுமுன் கைக்கெட்டிய துணியாற் பருக்களைத் துடைத்தல் வேண்டும். விண்மீன் வீழ்வது போலப் பருக்களும் உடலினின்று வீழ்ந்துவிடும். வெறுங்கையால் துடைத்தாலோ அவை கைக்கு ஏறிக்கொள்ளுமாம். கேட்போர்க்கு நகைப்புத் தோன்றலாம். ஆயினும் இப்பரிகாரத்துக்கு ஒரு நற்குணம் உண்டு. அது நோயாளியைக் குற்றஞ் சாட்டவில்லை. பின்வந்தோர் அதனைத் தாராளமாகச் செய்தனர்.

மார்செலஸுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டவரான செல்சஸ், பருக்களுக்கு வைத்தியம் பார்ப்பது வீண்வேலை என்றே கருதினார். பெண்கள் தம் அழகைப் பேணுவதைத் தடுக்க முடியாமையால் மட்டும் சில மருந்துகளைக் குறித்துவைத்தார். பாரதநாட்டுச் சுசுருத சங்கிதையோ நோயை அதன் வயதோடு சேர்த்து நோக்கியது. இளைஞர் முகத்தில் இலவமரத்து முள்ளைப் போல எழும் கட்டிகள் கபம், வாதம், இரத்தம் ஆகியவற்றின் கேட்டால் உண்டாவன என்று கூறி, வசம்பு, வெள்ளிலோத்திரம், இந்துப்பு, கடுகு ஆகியவற்றை அரைத்துப் பூசுமாறு விதித்தது. காரணம் எவ்வாறாயினும், இளமைக்கும் பருவுக்கும் உள்ள தொடர்பை அந்நூலார் தெளிவாகக் கண்டிருந்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் வில்லனும் அவர் மாணவர் பேற்மனும் தோல்நோய்களை உருவம் நோக்கி வகைப்படுத்தினர். 1813 இல் வெளிவந்த பேற்மனின் நூலிற் பருநோய்க்குத் தனியிடம் கிடைத்தது. பெயர் கிடைத்ததேயன்றி நீதி கிடைக்கவில்லை. மலச்சிக்கல், கொழுத்த உணவு, அழுக்கு, இவற்றுக்கு மேலாக இளைஞரின் இரகசியத் தீயொழுக்கம் என்று ஐரோப்பிய வைத்தியர் பலர் காரணங் கற்பித்தனர். முகத்திலும் முதுகிலும் பருவுள்ளவன் தன் குற்றத்தை ஊரறியச் சுமந்து திரிபவன் ஆனான். கரும்புள்ளியின் கருமை அழுக்கென்றே நம்பப்பட்டது. உண்மையில் அது மயிர்க்குழியில் அடைபட்ட நெய்ப்பொருளும் தோலின் நிறப்பொருளும் காற்றுப்பட்டுக் கறுத்ததாகும். எத்துணை தேய்த்துக் கழுவினாலும் அது போவதில்லை. மிகுதியாகத் தேய்த்தால் அழற்சியே கூடும்.

பழியை நீக்கிய ஆராய்ச்சி 1941 இல் வந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து உடற்கூற்றியலாளர் ஜேம்ஸ் ஹமில்ரன், பருவமடையுமுன் விதை நீக்கப்பட்ட ஆண்களுக்குப் பரு தோன்றாமையையும், அன்னோருக்கு ஆணோமோனைச் செலுத்தியபோது சிலருக்கு அது தோன்றியமையையும் எடுத்துக்காட்டினார். பெண்ணுடலிலும் இவ்வோமோன்கள் சிறிதளவு சுரக்கின்றன. இவற்றின் தூண்டுதலால் நெய்ச்சுரப்பிகள் பருத்து மிகுதியாகச் சுரக்க, மயிர்க்குழியின் வாயில் உதிர்ந்த தோற்கலங்கள் ஒட்டி அடைக்கின்றன. யாவர் தோலிலும் இயல்பாக வாழும் ஒருவகைப் பற்றீரியா அவ்வடைப்பினுட் பெருகி அழற்சியை வளர்க்கின்றது. முகம், மார்பு, மேல்முதுகு ஆகிய இடங்களில் இச்சுரப்பிகள் செறிந்துள்ளன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அறவே இல்லை. ஆதலின் அங்கே பருவும் இல்லை.

அதே காலத்தில் மூண்டிருந்த இரண்டாம் உலகப் போர் இன்னொரு பாடத்தைக் கற்பித்தது. வெப்பமண்டலங்களுக்கு அனுப்பப்பட்ட போர்வீரர் பலருக்கு முதுகிலும் பிட்டத்திலும் கொடிய பருக்கள் வெடித்தன. புழுக்கமும் வியர்வையும், பொதியின் வார் ஓயாது உராய்ந்தமையும் அதனைப் பெருக்கின. மருந்து பூசியும் பயனின்றிப் பலர் குளிர்ந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டபின்னரே குணமடைந்தனர். கட்டளைக்குப் பணிந்து பொதி சுமந்தவனிடம் என்ன ஒழுக்கக்கேட்டைக் காண்பது?

உணவைப் பற்றிய வழக்கு இன்னும் முற்றாகத் தீரவில்லை. 1969 இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 65 பேருக்குச் சொக்கிலேற்றுக் கொடுத்துப் பார்த்து, அதனாற் பரு மிகுவதில்லை என்றனர். ஒப்பிடக் கொடுத்த போலிப்பண்டத்திலும் கொழுப்பும் சீனியும் நிறைந்திருந்தமை பின்னர் கண்டிக்கப்பட்டது. குருதியிற் சீனியை விரைவில் உயர்த்தும் உணவைக் குறைத்தாற் சிலருக்குப் பரு தணிவதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.

சிகிச்சையின் வரலாறும் வடுவற்றதன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் எக்ஸ்கதிரைப் பாய்ச்சிச் சுரப்பிகளைச் சுருக்கினர். அவ்வாறு சிகிச்சை பெற்றோர் சிலருக்கு ஆண்டுகள் கழித்துத் தைரொயிட்டுப் புற்றுநோய் கண்டது. 1950களில் வந்த ரெற்றாசைக்கிளின் பெருந்துணையாயிற்று. ஆனால் கிருமிகள் எதிர்ப்பாற்றல் பெற்றமையால், நுண்ணுயிர்கொல்லி மருந்தைத் தனித்துக் கொடாமல் பென்சொயில் பேரொட்சைட்டுடன் சேர்த்தே இன்று கொடுக்கின்றனர். முதுகிற் பூசுவோர் ஒன்றை அறிதல் வேண்டும்: இப்பூச்சுச் சட்டையையும் படுக்கை விரிப்பையும் வெளுக்கச் செய்யும்.

1979 இல் ஐசோதிரெற்றினொயின் என்னும் மருந்தைக் கடும் பருநோயாளர் 14 பேருக்குக் கொடுத்தபோது 13 பேர் முற்றாகத் தேறினர். 1982 இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி வழங்கியது. கருவுற்ற பெண் இதனை உண்டாற் சிசுவுக்குக் கொடிய ஊனம் நேருமாதலின் வைத்தியரின் கண்காணிப்பின்றி எவரும் உண்ணலாகாது. இம்மருந்து பருவைத் தீர்க்குமேயன்றி ஏற்கெனவே விழுந்த தழும்பை மாற்றாது. மார்பிலும் தோளிலும் தழும்பு தடித்தெழுவது எளிது. பழிக்கு அஞ்சிச் சட்டைக்குள் மறைத்து ஆண்டுகளைக் கழித்தவர் வைத்தியரிடம் வரும்போது அது தடித்தெழுந்து முடிந்திருக்கும்.