பழைய ஸ்டாக் மைதானம், சிகாகோ

சிகாகோ பல்கலைக்கழகத்தின் கால்பந்து அரங்கம், 1957-இல் இடிக்கப்பட்டது. இங்கே ஆடியது நம்மூர்க் கால்பந்து அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரே வருபவரை மோதித் தள்ளி முன்னேறும் அமெரிக்க ஆட்டம். வணிகர் மார்ஷல் ஃபீல்டு அளித்த நிலத்தில் 1893-இல் தொடங்கிய மைதானம் முதலில் அவர் பெயரையே தாங்கியிருந்தது. நாற்பது ஆண்டுகள் அணியைப் பயிற்றுவித்த ஆமோஸ் அலோன்சோ ஸ்டாக்கின் பெயர் பிறகு வந்தது.

1905-இல், தொடர்ந்து 56 ஆட்டங்களில் தோல்வியே காணாத மிச்சிகன் அணியைச் சிகாகோ 2–0 என்று இங்கே வீழ்த்தியது. சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதை 1935-இல் முதன்முதலில் பெற்ற ஜே பெர்வாங்கரும் இந்த அணிக்காரரே. ஆனால் கல்விக்கும் இந்த ஆட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்ட ராபர்ட் மேனார்ட் ஹட்சின்ஸ் அதற்கு முன்பே பல்கலைக்கழகத் தலைவராகியிருந்தார். அணியும் நலிந்தது. 1939-இல் அதே மிச்சிகனிடம் 85–0 என்று தோற்றது. ஆண்டு முடிவதற்குள் பல்கலைக்கழகம் ஆட்டத்தையே கைவிட்டது.

வெறிச்சோடிய அரங்கின் மேற்குப் பார்வையாளர் மேடைக்கு அடியில் ஓர் உள்ளரங்கப் பந்தாட்டக் கூடம் இருந்தது. உலகின் முதல் அணு உலை எழுந்தது அங்கேதான். நகருக்கு வெளியே ஆர்கான் காட்டில் கட்டுவதாகத்தான் திட்டம். தொழிலாளர் பிரச்சினையால் அங்கே கட்டடம் தாமதமாகவே, இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மியின் குழுவினர் கிராஃபைட் கட்டிகளை இங்கேயே 57 அடுக்குகளாக அடுக்கினார்கள். இடையிடையே யுரேனியம். கதிர்வீச்சுத் தடுப்புச் சுவரும் இல்லை, குளிர்விக்கும் ஏற்பாடும் இல்லை. மக்கள் நெருக்கமாக வாழும் நகரின் நடுவே இதைச் செய்ய இன்று எந்த அரசும் அனுமதிக்காது. போர்க்காலம் என்பதால் நடந்தது. 1942 டிசம்பர் 2 பிற்பகலில் தொடர்வினை தானே நிலைத்தது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் உலை ஒவ்வொன்றும் 220 மெகாவாட் மின்சாரம் தரும் திறன் கொண்டது. அன்று இங்கே வெளிப்பட்ட ஆற்றல் அரை வாட் மட்டுமே. ஐம்பதாயிரம் பேர் அமரக்கூடிய அரங்கின் மிகப் பெரிய நிகழ்வைக் கண்டவர்கள் சுமார் ஐம்பது பேர். 1943-இல் உலையைப் பிரித்து ஆர்கானுக்கே கொண்டுபோனார்கள்.

உலை இருந்த இடத்தில் ஹென்றி மூரின் வெண்கலச் சிற்பம் 1967-இல் திறக்கப்பட்டது. மைதானத்தின் பெரும்பகுதியில் 1970 முதல் ரீகன்ஸ்டைன் நூலகம் இயங்குகிறது. பல்கலைக்கழகம் 1969-இல் மீண்டும் அணி அமைத்தது. சில தெருக்கள் தள்ளியுள்ள சிறிய மைதானத்தில் அது ஆடுகிறது. அதற்கும் ஸ்டாக் மைதானம் என்றே பெயர்.