படைத்தலைவர் மனைவியின் ஏழாண்டுப் பயணம்

போர் வரலாறு எழுதுவோர் படைகள் புறப்பட்ட நாளையும் போரிட்ட களத்தையும் குறிப்பர். அப்படைகளின் பின்னே பெட்டி படுக்கைகளுடனும் கைக்குழந்தைகளுடனும் வயிற்றில் கருவுடனும் நடந்த பெண்களைப் பெரும்பாலும் குறிப்பதில்லை. படைவீரன் போவது ஆணையால். அவன் மனைவி போவதோ தன் துணிவால். அவள் எப்பொழுது புறப்படுவது, எதை எடுத்துச் செல்வது, பேறுகாலம் எந்த ஊரில் வரும் என்பவற்றை எண்ணி வகுத்த திட்டங்கள் எத்தனையோ! அவை எழுதிவைக்கப்படாமையால் மறைந்தன. மறையாமல் நிலைத்த ஒன்று, செருமானிய நாட்டு பிரடரிக்கா ரீடசல் அம்மையாரின் குறிப்பு. அமெரிக்க விடுதலைப் போரின் மற்றொரு முகத்தை அது காட்டுகின்றது.

பிரடரிக்கா 1746-ஆம் ஆண்டு பிறந்தவர். பிரஷ்யப் படைத்தலைவர் ஒருவரின் மகள். 1762-இல் தம் பதினாறாம் வயதில் ரீடசல் என்னும் படையதிகாரியை மணந்தார். 1776-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பிரன்ஸ்விக் நாட்டுக் கோமகன் இங்கிலாந்துடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். அதன்படி சுமார் 4,000 பிரன்ஸ்விக் வீரர்கள் கூலிக்கு அனுப்பப்படுவர். குடியேற்றங்களின் கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயருக்கு உதவுவர். அப்படைக்குத் தலைமை ஏற்று ரீடசல் பிப்ரவரியில் புறப்பட்டார். அப்பொழுது அம்மையார் நிறைமாதக் கர்ப்பிணி.

உடன் செல்ல அவர் துடித்தாராயினும் அறிவு உணர்ச்சியை வென்றது. பேறு முடிந்து உடல் தேறிய பின்னரே பயணம் என்று கணவரும் மனைவியும் முடிவு செய்தனர். மார்ச் மாதத்தில் மூன்றாவது பெண்குழந்தை பிறந்தது. மே 14-ஆம் நாள், நான்கு வயதும் இரண்டு வயதும் ஆன இரு சிறுமியரோடும் பத்து வாரப் பச்சிளங்குழந்தையோடும் அவர் வண்டி ஏறினார். தாயார் தடுத்தார். அமெரிக்காவில் குதிரை இறைச்சியும் பூனை இறைச்சியும் உண்ண நேரும் என்று அச்சுறுத்தியோரும் உளர். மொழி தெரியாத நாட்டுக்குப் போகிறோம் என்பதே அவருக்குப் பெருங்கவலையாக இருந்தது.

பிள்ளைப்பேற்றைக் கணக்கிட்டவர் பிறர் தயக்கத்தைக் கணக்கிடவில்லை. இங்கிலாந்தில் துணைக்கு வருவதாகச் சொன்ன ஒரு பெண்மணி காலம் தாழ்த்த, அவ்வாண்டின் கப்பற்பருவமே கடந்துவிட்டது. ஏறத்தாழ ஓராண்டு அங்கே காத்திருந்து 1777 ஏப்ரலில் கப்பலேறி ஜூனில் கியூபெக் துறைமுகத்தை அடைந்தார். காத்திருந்த நாட்களை வீணாக்காமல் ஆங்கிலம் கற்றுக்கொண்டார். பின்னாளில் பகைவர் நாட்டில் குடும்பம் நடத்த அவருக்குப் பெரிதும் உதவியது அம்மொழியறிவே.

கனடாவிலிருந்து தெற்கே பர்காய்ன் தளபதி நடத்திய படையெடுப்பில் ரீடசலும் சென்றார். பிள்ளைகளும் பணிப்பெண்களும் ஏறத்தக்க பெரிய வண்டியொன்றில் அம்மையார் பின்தொடர்ந்தார். அப்படையெடுப்பு சாரட்டோகாவில் முடிவுற்றது. அக்டோபர் மாதத்தில் ஆறு நாட்கள் அவரும் பிள்ளைகளும் காயமுற்றோரும் ஒரு வீட்டின் நிலவறைக்குள் ஒடுங்கிக் கிடந்தனர். மேலே பீரங்கிக் குண்டுகள் வீட்டைத் துளைத்தன. அவ்வீடு இன்றும் நிற்கின்றது.

அந்நிலவறையில் தண்ணீர் இல்லை. ஆறு அருகில்தான் ஓடியது. ஆனால் குடம் எடுத்துச் செல்லும் ஆடவர் சுடப்பட்டனர். அப்பொழுது ஒரு சாதாரண வீரனின் மனைவி துணிந்து ஆற்றுக்குச் சென்று தண்ணீர் கொண்டுவந்தாள். பெண் என்பதால் எதிரிகள் அவளைச் சுடவில்லை. காயமுற்றோர் கைந்நிறையப் பணம் அள்ளிக் கொடுத்தனர் என்று அம்மையார் எழுதுகிறார். அவள் பெயரை மட்டும் எழுதவில்லை. தளபதியின் மனைவிக்கு வண்டி உண்டு, பணிப்பெண் உண்டு, எழுதுகோல் உண்டு. சிப்பாயின் மனைவிக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. ஆங்கிலப் படையில் அவளுக்குக் கிடைப்பது பொதுவாக வீரனுக்குரிய உணவில் பாதி. குழந்தைக்குக் கால் பங்கு. அவளும் கருவுற்றாள், அவளும் ஊர் திரும்ப ஏங்கினாள் என்பதை நாம் மறத்தலாகாது.

1777 அக்டோபர் 17-இல் பர்காய்ன் சரணடைந்தார். பிடிபட்ட படையினர் பாஸ்டன் வழியாகக் கப்பலேறி ஐரோப்பா செல்லலாம்; இப்போரில் மீண்டும் ஆயுதம் ஏந்தலாகாது என்பது உடன்பாடு. ஊர் திரும்பும் நாள் நெருங்கிவிட்டதாக எல்லோரும் மகிழ்ந்தனர். ஆனால் 1778 ஜனவரியில் அமெரிக்கப் பேரவை அவ்வுடன்பாட்டை நிறுத்திவைத்தது. பேரவை கேட்டது இங்கிலாந்து அரசரின் நேரடி ஒப்புதலை. பாஸ்டனுக்கு அருகிலுள்ள கேம்பிரிட்ஜில் ஓராண்டு கழிந்தது. பின்னர் கைதிகள் அனைவரும் தெற்கே வர்ஜீனியாவுக்கு நடக்கவேண்டும் என்று ஆணை வந்தது. 1778 நவம்பரில் தொடங்கிய 600 மைலுக்கு மேற்பட்ட அந்தப் பயணம் பனிக்காலத்தில் மலைகளையும் ஆறுகளையும் கடந்தது. உணவுப் பொருள் ஏற்றிய வண்டி மெல்ல வரும், குழந்தைகள் பசித்திருப்பர். வழியில் ஒரு வீட்டில் உணவு கேட்டபோது, எங்களைக் கொல்ல வந்தவர்களுக்கு எதற்கு உணவு என்னும் பொருள்பட விடை கிடைத்தது. அவ்விடையிலும் நியாயம் உண்டு. கூலிப்படை அந்நாட்டாருக்கு விருந்தாளி அன்று.

வர்ஜீனியாவில் சார்லட்ஸ்வில் நகருக்கு அருகே ஓர் இல்லத்தில் தங்கினர். அமெரிக்காவின் பிற்காலக் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெபர்சன் அவர்களுக்கு அண்டைவீட்டார், நட்புடன் பழகினார். அங்கே ரீடசல் கடும் வெயிலால் தாக்குண்டு நலிவுற்றார். 1779-ஆம் ஆண்டில் அம்மையார் மீண்டும் கருவுற்றார். அவ்வேளையில், ரீடசலும் ஆங்கிலத் தளபதி பிலிப்சும் கைதி மாற்றத்தின் பொருட்டு நியூயார்க் செல்லலாம் என்ற செய்தி வந்தது. நியூயார்க் அப்பொழுது ஆங்கிலேயர் வசமிருந்த துறைமுகம். அங்குப் போய்ச் சேர்ந்தால் தாயகம் திரும்பும் கதவு திறந்ததாகும். வயிற்றில் குழந்தையும் உடன் மூன்று சிறுமியருமாக அவர் மீண்டும் வண்டி ஏறினார்.

பல நாட்பயணத்துக்குப் பின் எலிசபெத்டவுன் வந்தனர். இடையில் இருந்தது சிறிதளவு நீர்ப்பரப்பே. அன்று மாலையே நியூயார்க்கை அடைந்துவிடலாம் என்று மகிழ்ந்திருந்தனர். உணவருந்திக்கொண்டிருந்த வேளையில் வாஷிங்டனிடமிருந்து கடிதம் வந்தது. பேரவை கைதி மாற்றத்தை ஏற்கவில்லை. திரும்பிச் செல்லவேண்டும் என்பது அதன் செய்தி. பிலிப்ஸ் சினந்து மேசையில் குத்தினார். அம்மையார் கல்லாய்ச் சமைந்தார்.

அவர்கள் பென்சில்வேனியாவில் உள்ள பெத்லெகம் என்னும் சிற்றூரில் தங்கினர். மொராவியச் சபையார் 1741-இல் நிறுவிய அவ்வூரில் வழங்கியது செருமானிய மொழி. பிறந்த நாட்டுக்குப் போக முடியாதவருக்குப் பிறந்த நாட்டு மொழி காதில் விழுந்ததே ஒரு மருந்து. ஆனால் கையிருப்புக் கரைந்தது. அமெரிக்கக் காகிதப் பணம் மதிப்பிழந்திருந்த காலம் அது. இறுதியில் 1779 நவம்பர் முடிவில் நியூயார்க் செல்ல இசைவு கிடைத்தது. அந்நகரில் பெரியம்மை பரவியிருந்ததால், பேறு நெருங்கும் முன்னரே பிள்ளைகளுக்கு அம்மை குத்தச் செய்தார். ஜென்னரின் பசுஅம்மைப் பால் வருவதற்குப் பதினாறு ஆண்டுகள் முந்திய காலம். பெரியம்மை நீரையே உடலில் ஏற்றும் அம்முறையில் உயிருக்கே ஆபத்து உண்டு. 1780 மார்ச்சில் நான்காவது பெண் பிறந்தாள். அவளுக்கு அமெரிக்கா என்று பெயரிட்டனர்.

அவ்வாண்டின் பிற்பகுதியில் ரீடசல் முறைப்படி மாற்றப்பட்டு விடுதலை பெற்றார். ஆயினும் வீடு திரும்பவில்லை. மறு ஆண்டு கனடாவில் மீண்டும் பணி. 1782-இல் சோரெல் என்னும் ஊரில் மற்றொரு பெண் பிறந்தாள். கனடா என்னும் பெயர்கொண்ட அக்குழந்தை சில மாதங்களில் இறந்து அவ்வூர் மண்ணிலேயே அடக்கமாயிற்று. 1783-இல், போர் முடிந்தபின், குடும்பம் தாயகம் திரும்பியது. மூன்று பெண்களோடு போனவர் நான்கு பெண்களோடு வந்தார். ஒருத்தியை அங்கே விட்டு வந்தார்.

1800-இல் ரீடசல் மறைந்தார். அதே ஆண்டு அம்மையாரின் கடிதங்களும் குறிப்புகளும் பெர்லினில் நூலாக வெளிவந்தன. 1808-இல் அவரும் காலமானார். சாரட்டோகாப் போரைப் பற்றி எழுதும் அறிஞர்கள் இன்றும் அந்நூலை நாடுகின்றனர். அவர் எழுதியவை தளபதிகளின் அறிக்கைகளில் கிடைப்பனவல்ல.

அம்மையாரின் திட்டங்களில் எவை நிறைவேறின, எவை குலைந்தன என்று பிரித்துப் பார்ப்பின் ஓர் உண்மை புலனாகும். பேறுகாலம், வண்டி, மொழி, மருத்துவம் என அவர் கைக்கு உட்பட்டவை எல்லாம் நன்கு நடந்தன. குலைந்தவை அனைத்தும் பிறர் கையெழுத்துக்குக் காத்திருந்தவை. கோமகன் ஒரு தாளில் ஒப்பமிட்டதால் அவர் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். பேரவை ஒரு தாளை ஏற்க மறுத்ததால் ஆண்டுக்கணக்கில் திரும்ப முடியாமற் போயிற்று. வகுப்பறையில் மாணவர் உடன்படிக்கைகளின் ஆண்டுகளை மனப்பாடம் செய்யும்போது, அத்தாள்களுக்குக் கீழே காத்திருந்த குடும்பங்களையும் ஆசிரியர் காட்டுவாராக. பெயர் எழுதப்படாமல் ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கச் சென்ற அப்பெண்ணையும் சேர்த்தே காட்டுவாராக.